அரைச்சாவி அண்ணனின் ஜீப்

அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அரைச்சாவி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சாவியை முழுசாகத் திருப்பக்கூட வேண்டாம், பாதி திருப்பினாலே தன் ஜீப் கிளம்பிவிடும் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்ததால் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய டீசல் ஜீப். கல்குவாரிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேலை. அந்தப் பாதையில் சாதாரண வண்டி பாதி தூரம்கூட ஏறாது. காலைக் குளிரில் மற்ற டிரைவர்கள் வண்டியை முக்கி முனகித் தள்ளிக்கொண்டிருக்கும்போது இவர் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போவார். மெக்கானிக் கடை வைத்திருக்கிற எனக்கே வயிறு எரியும். ஆயில் மாற்ற மட்டும்தான் அந்த வண்டி என் கடைக்கு வரும்.

வந்தால் சும்மா போக மாட்டார். "தம்பி, வண்டியும் பொண்டாட்டியும் நம்ம கைப்பக்குவத்துலதான் இருக்கு. எங்க வீட்டுல காலையில ஒரு சத்தம் இருக்காது. போய்க் கேட்டுப் பாரு" என்பார். டீ வாங்கிக் கொடுப்பார், கடையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் விசாரிப்பார். வெளியில் தங்கமான மனுஷன். அண்ணியையும் பார்த்திருக்கிறேன். குள்ளமாக, அதிகம் பேசாமல், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். இவர் அலட்டலுக்கு இப்படி ஒரு ஆள்தான் சரி என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் நான் நினைத்தது.

அண்ணி போன மாசம் இறந்துபோனார். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் குழந்தையோடு வந்து அப்பாவுடன் தங்கியிருந்தாள். இனி இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவளே சொன்னதாகவும், அவள் புருஷனும் இந்தப் பக்கம் வேலை தேடுவதாகவும் அண்ணன் சொன்னார். அந்த ஒரு பிடியில்தான் ஆள் நடமாடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு நாள் கடைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"தம்பி, வண்டி கிளம்ப மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அரைச்சாவி வண்டியா?"

"சிரிக்காத. அவ போனதுலேர்ந்து இப்படித்தான். ஒரு நாள் கிளம்புது, ஒரு நாள் தலைகீழா நின்னாலும் கிளம்பல. எனக்குக் கோவம் வந்துடுது. கத்திடறேன். பேத்தி இருக்கா பாரு, நான் சாவிய எடுத்தாலே காதப் பொத்திக்கிறா." தலையைக் குனிந்துகொண்டார். "பொண்ணு ஊருக்குக் கெளம்பறேங்கறா. வண்டிய மட்டும் சரி பண்ணிக் குடுத்துடு. வண்டி கிளம்பிட்டா நான் ஏன் கத்தப் போறேன்? அவ இருந்துடுவா."

வண்டியைக் கடையில் விட்டுவிட்டுப் போனார். பேட்டரி நன்றாக இருந்தது. செல்ஃப் மோட்டார் கும்மென்று சுற்றியது. குளிரில் எஞ்சினைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாம் பழுத்துச் சிவந்தன. டீசல் ஃபில்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எப்போது சாவியைத் திருப்பினாலும் வண்டி என் மூஞ்சிக்கு நேராகக் கிளம்பியது. வராத பழுதை என்னவென்று தேடுவது? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வண்டியில் ஒன்றும் இல்லை, மனசு சரியில்லாமல் நீங்கள்தான் ஏதோ செய்கிறீர்கள் என்று சொல்லியே அனுப்பினேன்.

மறுநாள் காலையில் போன். அண்ணன்தான், "கிளம்பல" என்று ஒரே வார்த்தை. பையைத் தூக்கிக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

வீட்டையொட்டித் தகர ஷெட். தரை பின்பக்கம் சரிந்திருந்தது. ஜீப் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அண்ணன் சாவியைத் திருப்பிக்கொண்டே வாய்க்கு வந்தபடி வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஷெட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு கதவு. அதன் வாசலில் மகள் நின்றிருந்தாள். காலடியில் கட்டிவைத்த பெட்டி. அவள் முட்டிக்குப் பின்னால் ஒளிந்து, குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தது.

"நிறுத்துண்ணே. பேட்டரி செத்துடும்" என்றேன். "இன்னும் ஒரே ஒரு தடவை மட்டும் திருப்பு."

நான் சைலன்சருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். எஞ்சின் சுற்றுகிறது, புகையே இல்லை. டீசல் போய் எரியாமல் இருந்தால் வெள்ளையாகப் புகை வரும். புகையே இல்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

பானட்டைத் திறந்தேன். ஃபில்டருக்கு மேலே ஒரு கைப்பம்பு உண்டு. குழாயில் காற்று புகுந்துவிட்டால் அதன் குமிழைக் கையால் அழுத்தி அழுத்தி டீசலை மேலே கொண்டுவருவதற்கு. வருஷத்துக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்றும்போது தொட்டால் பெரிசு. ஆனால் எஞ்சின் முழுக்கக் குவாரிப் புழுதியும் எண்ணெயும் அப்பிக் கிடக்க, அந்தக் குமிழ் மட்டும் பெயின்ட் உதிர்ந்து வழவழவென்று பளபளத்தது. நேற்றுக் கடையில் எரிச்சலில் நான் கவனிக்காமல் விட்டது. பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு துணி மடித்துச் செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஊதாப்பூப் போட்ட பழைய நைட்டித் துணி. டீசல் வாடை அடித்தது.

அண்ணன் அதை என் கையிலிருந்து பிடுங்கினார். "இது அவளோடதுல்ல? இது இங்க எப்படி வந்துச்சு?"

டேங்கிலிருந்து வருகிற ஹோஸுக்கு நடுவில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டினேன். கைப்பம்பை அழுத்தினேன். டீசலோடு குமிழி குமிழியாகக் காற்று வந்தது. வண்டிக்கு அடியில் படுத்துத் தேடியதில், சேஸிஸ் இரும்பில் உரசி உரசி ஹோஸ் வெடித்திருந்தது. டீசல் கீழே சொட்டாது, காற்று மட்டும் உள்ளே போகும். வெடிப்பு இறுகிக் கறுத்துப்போய் இருந்தது. நேற்றோ போன மாசமோ வந்தது இல்லை, பல வருஷத்துப் பழசு.

எழுந்து உட்கார்ந்து சொன்னேன். "அண்ணே, வண்டி ராத்திரி பூரா மூக்கத் தூக்கிட்டு நிக்குது. இந்த வெடிப்பு வழியா காத்துப் புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பிடுது. டேங்க் ரொம்பி இருக்கிற அன்னைக்குக் கிளம்பும், கொறஞ்சா கிளம்பாது. என் கடைத் தரை மட்டம், அதான் அங்க மாட்டல. ஆனா இத்தன வருஷம் உனக்கு எப்படிக் கிளம்புச்சு? தினம் காலையில யாராச்சும் இந்தப் பம்ப அடிச்சிருக்கணும். நீ அடிச்சியா?"

"நான் பானட்டையே திறந்ததில்லயே" என்றார்.

"அம்மாதான் சித்தப்பா." மகள் வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள். "அப்பா குளிக்கப் போனதும் வந்து அடிப்பா. எட்டாதுன்னு அந்த ஸ்டூலப் போட்டு ஏறிப்பா. அம்மாவுக்குக் காய்ச்சல்னா நான் அடிப்பேன். ஸ்கூல் படிக்கும்போதே கத்துக் குடுத்துட்டா."

ஷெட் மூலையில் ஒரு மர ஸ்டூல் கிடந்தது. அண்ணன் அதை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"டீசல் நாத்தம் அடிக்குதுன்னு அவ கையத் தள்ளி விட்டிருக்கேன்" என்றார் என்னிடம். "உங்க துணி தொவச்சேன்னு சொல்லுவா." துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது, ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷமும் வந்தது. "எனக்காகப் பண்ணியிருக்கா பாரு தம்பி. எவ்வளவு ஆசை இருந்தா இப்படிச் சொல்லாமக் கொள்ளாமப் பண்ணுவா."

"ஆசை இல்லப்பா" என்றாள் மகள். "பயம்."

நான் துடைத்த ஸ்பேனரையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். போய்விடலாம் என்றால் வேலை பாதியில் கிடக்கிறது.

"ஒரு தடவ அம்மா உங்ககிட்டச் சொன்னா, வண்டி காலையில முக்குது, காட்டுங்கன்னு. நீங்க சாப்பாட்டுத் தட்டத் தூக்கிச் செவுத்துல அடிச்சீங்க. என் வண்டியப் பத்தி உனக்கு என்னடி தெரியும்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் அவ வாயத் தொறக்கல. வண்டி கிளம்பலன்னா அன்னைக்குப் பூரா எங்க தலையிலதான் விடியும். அதுக்குத்தான் அடிச்சா."

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அப்ப உனக்குத் தெரியுமா? ஒரு மாசமா நான் இந்தப் பாடு படறேன். நீ ஏம்மா அடிக்கல?"

"மொத நாள் ஸ்டூல் வரைக்கும் வந்தேன்ப்பா. பாப்பா பின்னாடியே வந்து, என்னம்மா பண்றன்னு கேட்டா. அப்பா கத்தக் கூடாதுன்னா இத அடிக்கணும்டான்னு அம்மா எனக்குச் சொன்னத, தாத்தான்னு மாத்தி நான் இவளுக்குச் சொல்லணும். என்னால முடியல. திரும்பி உள்ள போயிட்டேன்."

இத்தனை வருஷம் அந்த வண்டியைப் பார்த்து வயிறெரிந்தவன் நான்.

அண்ணன் பானட் பக்கம் போனார். அந்தக் குமிழில் கையை வைத்து, என்னைக் கேட்காமல் மகளைக் கேட்டார். "எவ்வளவு நேரம் அடிக்கணும்?"

"கல்லு மாதிரி ஆகற வரைக்கும்."

அடித்தார். தோள் வலித்துக் கையை மாற்றி மாற்றி அடித்தார். அது இறுகியதும் உள்ளே ஏறிச் சாவியைத் தொட்டார். பாதி திருப்பலில் வண்டி கிளம்பியது. குழந்தை காதிலிருந்து ஒரு கையை எடுத்துப் பார்த்தது.

"தம்பி இன்னைக்கே ஹோஸ மாத்திடுவான். இனிமே நின்னு போகாதும்மா" என்றார். "இரும்மா."

"வண்டிக்காக நான் போகலப்பா."

அதே வண்டியில்தான் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். திரும்பி வந்து ஹோஸ் மாற்றச் சொன்னார். மாற்றினேன். அதன் பிறகு வண்டி அந்தத் தகராறு செய்யவில்லை. மற்றவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தால் அண்ணன் இறங்கிக் கை கொடுத்துவிட்டுப் போகிறார், ஹாரன் அடிப்பதில்லை. பட்டப்பேரை யாராவது சொன்னால் திரும்புவதும் இல்லை.

வண்டி என்றால் ஏதாவது ஒன்று போகத்தானே செய்யும். குளிர்காலத்தில் ஒரு நாள் காலை நடந்தே என் கடைக்கு வந்தார். செல்ஃப் எடுக்கவில்லை என்றார். பையை எடுக்கப் போனவனை உட்காரச் சொல்லிவிட்டு, போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, வண்டி கிளம்பல... ஆமா, இப்பதான். தம்பி கடையில இருக்கேன்... இல்லம்மா. கத்தல. வண்டியப் பூட்டிட்டு நடந்து வந்துட்டேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, அணைந்துவிட்டதா என்று பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்னண்ணே சொன்னா?"

"சரிப்பான்னா." வீட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் என்னோடு நடந்த பிறகு சொன்னார். "அம்மா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பான்னு ஒரு வார்த்த சொல்லுவான்னு நெனச்சேன். சொல்லல தம்பி."