தையல்காரரின் இடது கை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களிடம் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. இது நடந்தது. நடந்த இடத்தில் நான் துணி வண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். பேய்க் கதை என்றால் நடுராத்திரி, பாழடைந்த வீடு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், ஃபினாயில் வாசம் அடிக்கிற ஆஸ்பத்திரியிலும், பிள்ளைகள் விளையாடுகிற தெருவிலும் நடந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி மூளை ஆராய்ச்சி வார்டு. பக்கவாதம் வந்தவர்கள், கை நடுங்குகிறவர்கள், பேச்சு போனவர்கள் எல்லாம் அங்கேதான். அழுக்கு விரிப்பை உருவிவிட்டு சலவை விரிப்பு போடுவது என் வேலை. தரை துடைப்பது ரேடியோவின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. யாரைப் பார்த்தாலும் அவர்கள் குரலிலேயே பேசிக் காட்டுவார், அதனால் ரேடியோ. டீ நேரத்தில் பெரிய டாக்டர் போல நடப்பார். நர்ஸம்மா போலத் திட்டுவார். நோயாளிகளையும் விடமாட்டார். வாய் குழறுவதும் கால் இழுப்பதும் அச்சு அசலாக வரும். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். முதலில் சிரிப்பது நான்தான்.

ஆறாம் கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். மூளையின் வலது பக்கத்துக்கு ரத்தம் போகாமல், இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த இடது கை தன்னுடையதே இல்லை என்று சாதித்தார்.

ஆராய்ச்சி டாக்டரம்மா தினமும் காலையில் அந்தக் கையைத் தூக்கிக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்பார். பதிலை ஒலிப்பதிவு செய்துகொள்வார்.

"இது யார் கை?"

"யாரோடதோ. முன்னாடி இந்தக் கட்டில்ல இருந்தவர் மறந்து விட்டுட்டுப் போயிட்டார் போல."

"உங்க தோள்லேருந்துதானே வருது?"

"அது எப்படி வந்து ஒட்டிச்சுன்னுதான் நானும் யோசிக்கிறேன்."

விளையாட்டில்லை. பாவம், மனசார நம்பினார். நம் உடம்புக்கு மூளைக்குள் ஒரு படம் இருக்குமாம். அவருக்கு அந்தப் படத்தில் இடது கை இருந்த இடம் அழிந்துபோனதாம். டாக்டரம்மா அதற்குத்தான் வைத்தியம் தேடிக்கொண்டிருந்தார். ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐஸ் தண்ணீர் எடுத்து, இடது காதுக்குள் மெதுவாக விடுவார். அப்புறம் பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. அந்த நேரம் மட்டும் கை அவருடையதாகிவிடும். "என் கைதானே இது, இதுல என்ன சந்தேகம்?" என்பார். பிறகு மறுபடி மறந்துபோகும். அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு நாளாக்க முடியுமா, ஒரு வருஷமாக்க முடியுமா என்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி.

ஒரு திங்கட்கிழமை. டாக்டரம்மா அந்தப் பக்கம் இல்லை. தையல்காரர் ரேடியோவைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தக் கையை நீ எடுத்துட்டுப் போயிடேன். எந்நேரமும் நெஞ்சு மேல கிடக்குது. பயமா இருக்குப்பா."

கெஞ்சினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

ரேடியோ எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். மாப்பைச் சுவரில் சாய்த்தார். கறிக்கடைக்காரர் குரலில், "எலும்போடவாங்க, எலும்பில்லாமயா?" என்றார். வெறுங்கையாலேயே வெட்டினார். நிறுத்தார். காகிதத்தில் சுற்றினார். தன் டிபன் பையைத் திறந்து உள்ளே வைத்து, மேலே தட்டிக்கொடுத்தார்.

லிஃப்ட்காரர் சிரித்தார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினேன்.

தையல்காரரும் சிரித்தார். அது வேறு சிரிப்பு. பெரிய பாரம் இறங்கியவர் போல.

"பத்திரமா வச்சுக்க தம்பி. நல்ல கை. ஓரத்தைத் தொட்டா போதும், என்ன துணின்னு சொல்லிடும்" என்று சொல்லிவிட்டு, வலது கைப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டார்.

அப்போதுதான் பார்த்தோம். அவர் மகள் வாசலில் ஃப்ளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. நேராக வந்து, அப்பாவின் இடது கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து மூடினார். தூங்குகிற குழந்தையை மூடுவது போல.

ஆளுக்கொரு பக்கம் நழுவினோம்.

இனி வருவது ரேடியோ என்னிடம் சொன்னது. அவர் குரலிலேயே சொன்னார். வேறு யார் குரலும் அதில் இல்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் டிபன் பை கனத்ததாம். இறங்கியதும் திறந்து பார்த்தார். காலி டப்பா. மூடினார். மறுபடி கனத்தது.

அவருக்கு ஒரே பெண். ஆறு வயசு, சரியான வாயாடி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனார். ரோடு தாண்டும்போது வலது பக்கம் போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தார். அவள் விலகிக்கொண்டாள்.

"அப்பா, நீங்க இந்தப் பக்கம் வாங்க. அந்தப் பக்கம் ஆள் இருக்கு."

பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டார். அவள் வலது கையைத் தூக்கியபடியே ரோட்டைத் தாண்டினாள்.

புதன்கிழமை மனைவி கேட்டார்: "ஏங்க, பாப்பா கவுன் ஓரம் பிரிஞ்சு தொங்குச்சே, நீங்களா மடிச்சு வச்சீங்க?"

"எனக்கு ஊசி எந்தப் பக்கம் குத்தும்னே தெரியாது. நான் எங்க?"

"பின்ன யாரு? நகத்தால கீறி, அளவு பார்த்து மடிச்ச மாதிரி இருக்கு."

ரேடியோ அந்தக் கவுனைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை பத்தேகால். டாக்டரம்மா ஐஸ் தண்ணீரோடு வந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஏழாம் கட்டிலுக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோ வாசலருகே துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

காதில் தண்ணீர் போனது. தையல்காரர் தலையை உதறினார். டாக்டரம்மா கையைத் தூக்கினார்.

"இது யார் கை?"

"என் கைதான்..." என்றார். முகம் சுருங்கியது. "ஆனா உள்ள இல்லையே. வெறும் உறையில்ல இது? கை எங்க?"

அவர் கண் வார்டு முழுக்கத் தேடியது. கடைசியில் வாசலில் போய் நின்றது.

"நீதானே தம்பி எடுத்துட்டுப் போன? குடுத்துடுப்பா."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். மகள் திரும்பவில்லை. அவருக்குத்தான் தெரியுமே.

"என்ன சொல்றார் இவர்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

ஒரு வார்த்தை போதும். 'ஆமாம்மா, கிண்டல் பண்ணிட்டேன்' என்று சொல்லிவிட்டு, அந்தப் பத்து நிமிஷத்துக்குள் வெறுங்கையை நீட்டித் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் நோயாளியைக் கேலி செய்தது தெரிந்தால் வேலை போய்விடும். அதைவிட, அந்த மகள் முன்னால் மறுபடி அதே கூத்தை ஆட வேண்டும்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் எதையும் எடுக்கலை" என்றார். திருட்டுப் பட்டம் கட்டினால் சொல்வது போல.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையணை உறையை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன்.

பத்து நிமிஷம் போனது. "இந்தக் கை யாரோடது?" என்று தையல்காரர் மறுபடி ஆரம்பித்தார்.

அன்று மத்தியானம் ரேடியோ வீட்டுக்குப் போய்ப் படுத்தார். மணி இரண்டு நாற்பது. மனைவி வேலைக்குப் போயிருந்தார். பிள்ளை பள்ளிக்கூடத்தில். ஜன்னலில் நல்ல வெயில். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

கண் அசந்தது.

சட்டை ஓரத்தில் ஏதோ அசைந்தது. பூச்சி என்று நினைத்தார்.

சர்ர்... சர்ர்...

துணியோடு துணி உரசுகிற சத்தம்.

இரண்டு விரல். பெருவிரலும் ஆள்காட்டி விரலும். சட்டை ஓரத்தைப் பிடித்துத் தேய்த்துப் பார்க்கின்றன.

தன் விரல்தான் என்று நினைத்தார்.

வலது கை தலைக்கடியில் இருந்தது.

இடது கை... கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

சர்ர்...

'இது யார் கை?'

அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்தே வந்தது. டாக்டரம்மாவின் குரலில். அவர் பேசிக் காட்டவில்லை. தானாக வந்தது.

தேய்ப்பது நின்றது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஓடி வந்தார். டாக்டரம்மா வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார்.

"நர்ஸம்மா, கொஞ்சம் ஐஸ் தண்ணி... ஒரு தடவை..."

"உனக்கென்ன பைத்தியமா? அவங்க இல்லாம அதைத் தொடக் கூடாது."

ரேடியோ கட்டிலருகே போனார். எல்லோரும் பார்க்க, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்.

"ஐயா. அன்னைக்கு எடுத்துட்டுப் போனேன். கொண்டாந்துட்டேன். வாங்கிக்குங்க."

தையல்காரர் அந்த வெறுங்கையைக் கனிவாகப் பார்த்தார்.

"அது என்னோடது இல்லப்பா."

"உங்களோடதுதாங்கய்யா. தெரியாம செஞ்சுட்டேன். என் வீட்ல சின்னப் பிள்ளை இருக்கு..."

"என் கை இதோ இருக்கே" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். "அதை நீயே வச்சுக்க."

புதுக் கூத்து என்று நினைத்து லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். யாரும் கூடச் சேரவில்லை. மகள் எழுந்து நின்றார்.

"அன்னைக்கும் இப்படித்தான் வெறுங்கையைக் காட்டினீங்க" என்றார்.

அவ்வளவுதான். ரேடியோ கூனிக் குறுகிப் போனார். ஏந்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அப்படியே ஏந்தியபடி வார்டை விட்டு வெளியே போனார். தரையில் கிடந்த மாப்பை நான் எடுத்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணி இருபது. வீட்டில் பிள்ளை மேசையில் உட்கார்ந்து நீலப் பேனாவால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். ரேடியோ பின்னால் போய் நின்று பார்த்தார்.

மேசையில் காகிதம் இல்லை.

பேனா முனை மேசையைத் தொடவுமில்லை. இரண்டு விரற்கடை மேலே, காற்றில் வளைந்து வளைந்து போனது.

"என்னடா பண்ற?"

"வாட்ச் போடுறேன்பா."

"யாருக்கு?"

"மேசையை ஆட்டாதீங்க. அவருக்குக் கூசுது."

சனிக்கிழமை விடிகாலையில் தையல்காரர் போய்விட்டார். தூக்கத்திலேயே போனாராம். ரேடியோ அன்று வேலைக்கு வரவில்லை.

திங்கட்கிழமை டாக்டரம்மா எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். எதிர்பார்த்ததுதான். வேலை போய்விடும் என்று நினைத்தோம். மகள் புகார் எதுவும் கொடுக்கவில்லை என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. கொடுத்திருந்தால் இவ்வளவு கூசியிருக்காது.

டாக்டரம்மா ரேடியோவைக் கேட்டார்: "உங்களுக்குச் சின்னப் பொண்ணு இருக்கா?"

"இருக்கும்மா."

"அவளைப் பத்தி அவர்கிட்டப் பேசியிருக்கீங்களா?"

"வெள்ளிக்கிழமை ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு முன்னாடி கிடையாதும்மா."

டாக்டரம்மா ஒலிப்பதிவை ஓடவிட்டார். புதன்கிழமை பதிவு. அவர் குரல் கேட்டது: 'இது யார் கை?' பிறகு தையல்காரரின் குரல். சந்தோஷமான குரல்.

'இது சும்மா கிடக்குது. அந்தக் கை பத்திரமா இருக்கு. ஒரு பாப்பா அதைப் பிடிச்சுக்கிட்டு ரோடு தாண்டுது.'

டாக்டரம்மா நிறுத்தினார். எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

ரேடியோ இப்போது யாரைப் போலவும் பேசிக் காட்டுவதில்லை. தரையைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் அவரிடம்கூடச் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

தையல்காரரின் உடம்பைத் துணியில் சுற்றியது நான். போர்வையை எடுத்தபோது இடது மணிக்கட்டில் நீலப் பேனாவால் ஒரு வாட்ச் வரைந்திருந்தது. பட்டை முழுக்கப் பெருக்கல் குறி. மூன்று முள். மூன்றும் மேலே பார்த்து நின்றன. அந்த வார்டுக்குள் குழந்தைகளை விடுவதில்லை. அவருக்குப் பேரப்பிள்ளைகளும் கிடையாது. நான் சீக்கிரமாகச் சுற்றி மூடிவிட்டேன். அப்போது எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. தெரிந்த பிறகு சொல்ல வாய் வரவில்லை.

போன மாசம் ரேடியோ வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை பேனாவோடு ஓடி வந்தாள்.

"மாமா, கையை நீட்டுங்க."

நீட்டினேன். மளமளவென்று வரைந்தாள். நீலப் பட்டை. பெருக்கல் குறி. மூன்று முள். மூன்றும் மேலே.

"நல்லா இருக்கா மாமா?"

"நல்லா... இருக்கும்மா."

"உங்களோடது குளிச்சா அழிஞ்சுடும்" என்றாள். தன் வலது பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், எதையோ மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுதான் மாமா அழியவே மாட்டேங்குது."