தராசு சரிதானே ஐயா?

எங்கள் டயகமத் தேயிலைத் தோட்டத்தில் வேலாயியிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை. பிள்ளைக் காம்பராவில் அவள்தான் ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்க மலை ஏறியதும் அத்தனை பிள்ளைகளும் அவள் பொறுப்பு.

ஐம்பத்தேழாம் வருடம், பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த பாலை நிறுத்திவிட்டு, கணக்கப்பிள்ளை வீரபத்திரன் ஒரு பெரிய தகர டின்னைக் கொண்டுவந்து இறக்கினார். ‘பலசாலி பிஸ்கட்’. டின்னின்மேல் கொழுகொழுவென்று ஒரு பையன் படம். ‘ஒரு பிஸ்கட் ஒரு கோப்பைப் பாலுக்குச் சமம்’ என்று அதில் எழுதியிருப்பதை அவரே வாசித்துக் காட்டினார். படத்தைப் பார்த்துத் தாய்மாரும் மயங்கிப்போனார்கள்.

வேலாயி ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். மாவும் சீனியும்தான்.

“படத்துல இருக்கிறவன் பாலு குடிச்ச புள்ள. இதத் தின்னு எவனும் இப்பிடி ஆக மாட்டான்.”

“எழுத்தே தெரியாத நீ, அச்சடிச்சதப் பொய்யிங்கிறியா?” என்று சிரித்தார் கணக்கப்பிள்ளை.

அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்று பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில், ராக்காயியின் மகள் பூரணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தராசு தொங்கும் மடுவக் கொட்டகைக்குப் போனாள். கொழுந்துச் சாக்கில் பிள்ளையை உட்காரவைத்துத் தராசில் மாட்டினாள். கணக்கப்பிள்ளையும் விளையாட்டாக, “இருபத்திரண்டு றாத்தல்!” என்று கூவினார். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மாதம் ஒன்று போனது. பூரணிக்குக் காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, பிஸ்கட் மட்டும் தவறாமல் கிடைத்தது. வேலாயி அதே தராசில் அவளை மறுபடி ஏற்றினாள். இருபது றாத்தல். ராக்காயி கூடையைப் போட்டுவிட்டு அழுதாள்.

“தராசு கோளாறு,” என்று வாயை விட்டுவிட்டார் மனுஷன்.

“அப்ப மாசம் பூரா எங்க கொழுந்தையும் கோளாறு தராசுலதான் நிறுத்தீங்களா? தராசு பொய்யா, தகரம் பொய்யா? ஒண்ணச் சொல்லுங்க ஐயா!”

ஒரு பெண்ணும் கூடையை நிறுக்கக் கொடுக்கவில்லை. கொழுந்து வாடத் தொடங்கியது.

“தராசு சரிதான்,” என்றார் அவர், குரல் இறங்கி.

பால் திரும்பி வந்தது. ஆனால் வேலாயியைக் காம்பராவிலிருந்து எடுத்துக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். அநியாயம்தான், இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவளோ அசரவில்லை. தினமும் மூன்று வேளை, கூடையை நிறுக்கக் கொடுக்குமுன் உரக்கக் கேட்பாள்:

“தராசு சரிதானே ஐயா?”

கணக்கப்பிள்ளை வேறு தோட்டத்துக்கு மாறிப் போகும்வரைக்கும், மூன்று வேளையும், எல்லார் முன்னாலும் அவர் “சரிதான்” என்று சொல்லவேண்டியிருந்தது.