ஏகாதசிப் பாயசம்

என் வீட்டுக்காரர் மாதம் ஒரு மர்ம நாவல் எழுதுகிறவர். காட்டூரில் எங்கள் தெருப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியாது. கொலைக்கதை எழுதுகிறவர் வீடு என்றால் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, கதைக்கரு எங்கிருந்து கிடைக்கிறது என்று. காவிரிப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தால் தானாக வரும் என்பார் இவர். முப்பது வருடத்தில் இவர் அந்தப் பாலத்தில் நின்றது, பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்ட நாட்களில் மட்டும்தான்.

உண்மையை நான் சொல்கிறேன். இவருக்குக் கதை கோபத்திலிருந்து வருகிறது. நேரில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச வராது. சிரித்து வழியனுப்பிவிட்டு, அடுத்த மாதம் ஆளைத் தீர்த்துவிடுவார். லால்குடியில் இருக்கும் என் அண்ணன், ஒரு காதுகுத்து விசேஷத்தில் எல்லார் முன்னாலும் "இதெல்லாம் ஒரு எழுத்தா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டார். அடுத்த புத்தகத்தில் அதே வழுக்கைத் தலையோடு ஓடும் ரயிலிலிருந்து விழுந்தார். சமயபுரத்தில் எங்களுக்கு வெந்நீர் தராத லாட்ஜ் மேனேஜர், கதையில் லாட்ஜ் தண்ணீர்த் தொட்டியிலேயே மிதந்தார். இத்தனை கொலை செய்கிறவர், ரத்தப் பரிசோதனைக்குப் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். குளியலறையில் பல்லி இருந்தால், நான் போய் விரட்டிய பிறகுதான் குளியல்.

எங்கள் மகள், தன்னோடு வேலை பார்க்கும் ஸ்ரீரங்கத்துப் பையனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். கோயிலைச் சுற்றியே வாழும் வைணவக் குடும்பம் அது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமையானால் மீன் வாங்குகிற வீடு. பையனின் அப்பா மனதாரச் சரி என்று சொன்னால்தான் கல்யாணம் என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர். ஒரு நாள் எங்களைப் பார்க்க வந்தார். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. வெளியில எதுவும் சாப்பிடற பழக்கமில்லை" என்று சொல்லி, கையோடு கொண்டுவந்திருந்த செப்புப் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிப் போனார். ஆடை படிந்து கிடந்த காபியை மகள் எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டினாள். இவர் தெருமுனை வரைக்கும் போய்ச் சிரித்து வழியனுப்பிவிட்டு வந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வழக்கமாக இவர் எழுதியதை முதலில் படிப்பது நான்தான். அந்த மாதம் அவசரம் என்று சொல்லி, எனக்குக் காட்டாமலே அனுப்பிவிட்டார். புத்தகம் வந்த அன்று, சோறு வடிக்கப்போன இடத்தில் நின்றபடியே புரட்டினேன். இரண்டாம் அத்தியாயத்தில் ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர், மடியில் குடையும் பக்கத்தில் செப்புப் பாட்டிலுமாக, வைகுண்ட ஏகாதசியன்று செத்துக் கிடந்தார். பால் பாயசத்தில் விஷம். வைத்தது யார் என்று கடைசிப் பக்கத்தில் பார்த்தேன். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்.

"என்னங்க இது?" என்றேன்.

"அட்டை போன மாசமே அச்சாயிருச்சு. அதுல ஒரு வளையல் கையும் பாயசக் கிண்ணமும் இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

இந்தத் தொழிலின் லட்சணம் அது. அட்டையும் தலைப்பும் முதலில் தயாராகிவிடும், கதை பின்னால் ஓடிவந்து ஏறிக்கொள்ளும். "குடையும் பாட்டிலும் அட்டையில இல்லையே" என்றேன்.

மகள் படித்துவிட்டு இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. தமிழ்நாடு முழுக்கத் தன்னைப் படிக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை சொல்கிற மனிதர், "பெருமாளே கதின்னு இருக்கறவர் நம்ம புத்தகத்தையா படிக்கப் போறார்?" என்று என்னைத் தேற்றினார். அன்று சாயங்காலமே பையன் போன் செய்தான். அவன் அப்பா இவருடைய புத்தகத்தை மாதாமாதம் தவறாமல் வாங்குகிறவராம். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.

வந்தார். அதே குடை, அதே பாட்டில். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. இவர் முகம் பல்லியைப் பார்த்தது போல ஆகிவிட்டது.

"ஒரு சந்தேகம்" என்றார். "வைகுண்ட ஏகாதசியன்னிக்கு எங்களுக்கெல்லாம் பச்சைத் தண்ணி பல்லுல படாது. இந்த வக்கீல் எப்படிப் பாயசம் சாப்பிட்டார்? மறுநாள் துவாதசிக்குத் தள்ளி வெச்சிருந்தேள்னா பொருத்தமா இருந்திருக்கும்."

இவர் சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்து, துவாதசி என்று குறித்துக்கொண்டார். எனக்கு அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழிக்கலாம் போலிருந்தது.

"செத்தது நான்தானே?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்க" என்றேன் நான். "இவருக்கு நேர்ல கோபப்படத் தெரியாதுங்க. அன்னிக்குப் பொண்ணு போட்ட காபி ஆறிப்போய்க் கிடந்ததைப் பார்த்துட்டு இப்படிச் செஞ்சுட்டார். மன்னிச்சுக்குங்க. புள்ளைங்க வாழ்க்கையை இதோட சேர்த்துப் பார்த்துடாதீங்க."

அவர் குடைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது சமையலறையிலிருந்து மகள் காபியோடு வந்தாள். நான் போடச் சொல்லவில்லை. குடிக்க மாட்டார் என்று தெரிந்தேதான் போட்டிருக்கிறாள். டபரா டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். கையில் வளையல் வேறு.

அவர் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு காபியை நிதானமாக ஆற்றி, அண்ணாந்து, உதட்டில் படாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாயசம்னு எழுதினதுதான் தப்பு" என்றார் இவரிடம். "காபின்னு எழுதியிருந்தா நானே நம்பியிருப்பேன்."

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நம்மாத்துல டிகாஷன் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கணும், கொழந்தே. பழகிக்கோ."

மகள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அழுதாள். நான் அங்கேயே நின்று அழுதேன்.