வெர்டெல் ஓட்டிய இரண்டு பேருந்துகள்

நியூ ஆர்லியன்ஸில் வெர்டெல் பள்ளிப் பேருந்து ஓட்ட ஆரம்பித்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஊரில் பிள்ளையை எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் கேட்டுச் சேர்க்கலாம். மணி அடிக்கும் நேரத்திலிருந்து வண்டி வரை எல்லாம் அந்தந்தப் பள்ளியின் இஷ்டம். விடியுமுன்னே ஒரே தெருவில் நாலு பள்ளி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

அவள் வண்டியில் முதலில் ஏறுவது டனையா, பன்னிரண்டு வயது. ஐந்தே முக்காலுக்கு ஏறி, வயலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடுவாள். ஊரின் மறுகோடியிலிருக்கும் பள்ளிக்கு ஒன்றரை மணி நேரம்.

ஜனவரியில் அந்தப் பள்ளி வண்டி விடுவதையே நிறுத்தியது. இனி பிள்ளைகளுக்கு நகரப் பேருந்தில் போக ஒரு பயண அட்டைதான். அதைச் சொல்லும் கடிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடச் சொன்னார்கள். வெர்டெலுக்கு மனசு ஒப்பவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் பெற்றவர்கள் கையிலேயே கொடுத்தாள்.

டனையாவின் அம்மா ஷான்ட்ரெல் வெடித்தாள். “இருட்டுல ரெண்டு பஸ் மாறிப் போவாளா இவ? எந்த ஸ்கூல் வேணாலும் எடுத்துக்கோன்னாங்களே, இதான் அந்த லட்சணமா, மிஸ் வெர்டெல்?”

“எனக்கும்தாம்மா வேலை போகுது. என்கிட்ட கத்தி என்ன ஆகப்போகுது?”

“பின்ன யார்கிட்ட கத்துறது? ஆபீஸ்ல போனையே எடுக்க மாட்டேங்குறாங்க.”

இரண்டு வாரத்தில் வேறொரு பள்ளி வெர்டெலை வேலைக்கு எடுத்தது. வழி அதே தெருதான். மூலையில் டனையா நகரப் பேருந்துக்காக நிற்பாள். வெர்டெலின் வண்டியில் பாதி இருக்கை காலி. டனையாவின் பள்ளியைத் தாண்டித்தான் அதுவும் போகும். வெர்டெல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவாள்.

ஒருநாள் கொட்டும் மழை. வெர்டெல் மூலையில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாள்.

“ஏறு கண்ணு.”

“நான் இந்த ஸ்கூல் இல்லையே, மிஸ் வெர்டெல்.”

“தெரியும். ஏறு.”

சாயங்காலம் புதுப் பள்ளியின் வண்டிப் பொறுப்பாளர் கூப்பிட்டார். வண்டியிலிருந்த கேமராவில் பார்த்திருந்தார்.

“அது நம்ம பிள்ளை இல்ல. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சு சார்.”

“அதை அவங்க ஸ்கூல்தான் பாக்கணும். இன்னொரு தடவை நடந்தா உங்களை வெச்சுக்க முடியாது.”

வெர்டெலுக்கு மூட்டு வலி. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். அதற்கப்புறம் அவள் அந்த மூலையில் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

ஏப்ரலில் மளிகைக் கடையில் ஷான்ட்ரெலைப் பார்த்தாள்.

“அவளைப் பக்கத்து ஸ்கூலுக்கே மாத்திட்டேன். நடந்து போறா. ஏழு மணி வரைக்கும் தூங்குறா.”

“வயலின்?”

“அங்க அது கிடையாது. பழைய ஸ்கூலோட வயலின், திருப்பிக் கொடுத்துட்டோம். உங்க ஸ்கூல்ல உண்டா?”

“தெரியலம்மா. நான் வாசலோட சரி” என்றாள் வெர்டெல்.