ஃபேமிலி டென்ட்

எங்கள் காரின் தலையில் ஒரு கூடாரம் இருக்கிறது. மடித்தால் பெட்டி, விரித்தால் மூன்று பேர் படுக்கிற அறை. ஏறி இறங்க ஓர் ஏணியும் உண்டு. என் கணவர் அதை வாங்கி மாட்டிக்கொண்டு வந்த அன்று, ‘ரூஃப்டாப் டென்ட்’ என்ற பெயரை மட்டும் கேள்விப்பட்டு எங்கள் பெருங்களத்தூர் அடுக்குமாடியின் செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“சார், மொட்டை மாடியில எதுவும் கட்டக்கூடாது. அது காமன் ஏரியா.”

இவர் சிரித்துக்கொண்டே காரின் கூரையைக் காட்டினார். “இந்த ரூஃப் சார். ஃபேமிலிக்காகத்தான் வாங்கினேன்.”

எங்கள் ஊர் ஆண்கள் வாயில் ஃபேமிலி என்றால் மனைவி. ஆக, அது நான்தான். சந்தோஷமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? பிறந்ததிலிருந்து தாம்பரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வியர்த்து வடிந்துகொண்டிருப்பவள் நான். பல் கிடுகிடுக்கும் குளிரில், கம்பளிக்குள் சுருண்டு, ஒரே ஓர் இரவு படுத்துத் தூங்க வேண்டும். அதற்குமேல் எனக்குப் பேராசை கிடையாது.

முதல் மார்கழியில் அவரும் நண்பர்கள் இருவரும் ஏற்காடு போனார்கள். “ட்ரையல் பாத்துட்டு வந்துடறோம். அடுத்த தடவை நாம” என்றார். அடுத்தது கொடைக்கானல். அதற்கும் அதே மூன்று பேர். ஊட்டிக்குக் கிளம்பியபோது நான் கேட்பதையே விட்டிருந்தேன்.

எனக்கு வந்து சேர்ந்தது ஈரம் மட்டும். குளிரில் மூடிய கூடாரத்துக்குள் தூங்குகிறவர்கள் விடும் மூச்சு சுவரில் நீராகப் படிந்து, வழிந்து, மெத்தையின் அடியில் தங்கிவிடும். அப்படியே மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மார்கழியில் எங்கள் ஊர் வெயிலுக்கும் சோம்பல். அது எட்டிப் பார்க்கிற இடமாகக் காரை நிறுத்தச் சொல்லி, கூடாரத்தை விரித்து, ஏணியில் ஏறி, மெத்தையை நிமிர்த்தி மூலை மூலையாகத் துடைப்பேன். ஒரு முறை அசந்தாலும் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்துவிடும். அதற்கு வினிகரும் பழைய டூத் பிரஷும். ஜிப் சிக்காமலிருக்க மெழுகுவர்த்தி.

“ஜாலிதான் உங்களுக்கு! எப்பப் பாரு டூரு!” என்பார் எதிர் வீட்டு அக்கா, பால்கனியிலிருந்து. நான் பிரஷை ஆட்டிச் சிரிப்பேன்.

போன வாரமும் அப்படித்தான் ஏணியில் நின்று, பாதி உடம்பைக் கூடாரத்துக்குள் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். காரின் மறுபக்கம் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“நம்ம மூணு பேரே போலாம் மச்சான். ஃபேமிலிக்கு முட்டி வலி. பாவம், ஏணியெல்லாம் ஏற முடியாது.”

முட்டி வலி உண்மைதான். அந்த ஏணியால் வந்தது.

கத்தியிருக்கலாம். கையிலிருந்த துண்டை அவர் முகத்தில் வீசியிருக்கலாம். அவர்கள் மூச்சையெல்லாம் குடித்துக் கனத்துப்போன துண்டு. எனக்கு அழுகை வந்தது, அதையும் அதே துண்டில்தான் துடைத்தேன். பிறகு சொதசொதவென்றிருந்த மெத்தையை அப்படியே கிடத்தினேன். இறங்கி, ஏணியை மடக்கி, கூடாரத்தை மூடி, வாரை இழுத்துக் கட்டினேன்.

போனை வைத்துவிட்டு வந்தவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “அதுக்குள்ள காஞ்சிடுச்சா?”

“நல்லா காஞ்சிடுச்சுங்க” என்றேன்.