போலீஸ் வேலைக்கு ஒரு டப்பா பவுடர்

மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வெனிலா வாசம்...

மல்லியும் பெருங்காயமும் மணக்கிற எங்கள் பலசரக்குக் கடைக்கார வீட்டில் அப்படி ஒரு வாசத்தை நாங்கள் அதற்குமுன் கண்டதில்லை. எழுபதுகளில், திருச்சுழியில். டப்பாவின் மேல் சட்டையில்லாத ஒரு வெள்ளைக்காரன் கையை மடக்கி நின்றான். நானும் அம்மாவும் அவனைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தோம்.

வாங்கி வந்தவன் என் அண்ணன் பாண்டி. முந்தின வருடம் போலீஸ் ஆளெடுப்பில் எல்லாவற்றிலும் தேறி, மார்பளவில் மட்டும் அரை இஞ்ச் குறைந்து திரும்பியிருந்தான். வயது வரம்புப்படி அவனுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். தவறினால் ஆயுசுக்கும் அப்பா கடையில் பருப்பு நிறுக்க வேண்டியதுதான். அவனுக்கோ தராசைக் கண்டாலே கொட்டாவி வரும்.

காலையில் தண்டால், பஸ்கி. பிறகு கடைக்கு வரும் லோடு மொத்தத்தையும் தானே இறக்குவான். அது போதாதென்று மதுரைக்குப் போய் இந்தப் புரோட்டீன் பவுடரை வாங்கி வந்துவிட்டான். வாங்கியது ஒரு மருந்துக்கடையில்.

அங்கேதான் வந்தது வினை.

"மருந்துக்கடையில வாங்குனா மருந்துதான? மருந்துன்னா பத்தியம் இருக்கணும்ல?" என்றார் அம்மா.

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் அன்றைக்கு எல்லா வீட்டிலும் அதுதான் சட்டம். கறி கிடையாது, கருவாடு கிடையாது, முட்டை சூடு, கடலை பித்தம், கத்திரிக்காய் ஆகவே ஆகாது. மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான் சாப்பாடு. வாசம் பட்டால் பிள்ளைக்கு ஆசை வந்துவிடும் என்று வீட்டில் யாருக்குமே குழம்பு கூட்டவில்லை. அப்பா தட்டைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், எழுந்து கடைக்குப் போய்விடுவார்.

அண்ணனுக்கும் மருந்து, பத்தியம் என்றால் பயபக்தி. பவுடரைக் குடித்தான், தண்டால் எடுத்தான், ரசம் சோறு தின்றான். ஒன்றரை மாதம் இப்படியே ஓடியது. கன்னம்தான் ஒட்டிக்கொண்டு வந்தது.

"டவுனுக்குப் போனியே, புரோட்டா கிரோட்டா தின்னியா? பத்தியம் முறிஞ்சிருக்கும்" என்று அம்மா விசாரணை வேறு.

ஆளெடுப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மார்பை அளந்து பார்க்கத் தன் கூட்டாளி டெய்லர் அருளப்பனிடம் போனான். துணைக்கு நானும் போனேன். அருளப்பன் டேப்பை ஒரு தடவை சுற்றினார், நம்பாமல் மறுபடியும் சுற்றினார்.

"ஏலே பாண்டி, இருந்ததும் போச்சேடா. சட்டையத்தான் பிடிக்கணும் போல..." என்றவர், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "உங்க அம்மாவுக்கும் ஒடம்பு சரியில்லையாடா? போன வாரந்தான் அவுக ரவிக்கை எல்லாத்தையும் சின்னதாப் பிடிச்சுக் குடுத்தேன்."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே வீட்டில் இருந்தும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அண்ணன் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தான்.

"நீ எதுக்கும்மா மெலிஞ்ச?"

"பிள்ளைக்கு மருந்து குடுத்தா தாயும் பத்தியம் இருக்கணும்பா. நான் ஒரு நேரந்தான் சாப்பிடுறேன், அதுவும் உப்பில்லாம."

"அது பால்குடிப் பிள்ளைக்கும்மா. எனக்கு மீசை மொளச்சு எத்தன வருசமாச்சு?"

"மொளச்சா எம்பிள்ளை இல்லைன்னு ஆயிருமா?"

மறுநாள் அப்பா கடைக்குச் சரக்கெடுக்க மதுரை போனார். சாயங்காலம் திரும்பும்போது கையில் அருப்புக்கோட்டையில் வாங்கிய ஆட்டுக்கறி. பொத்தென்று அம்மா முன்னால் வைத்தார்.

"மருந்துக்கடைக்காரன்ட்டக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கான். கறியும் முட்டையும் நல்லாத் தின்னுட்டு, அதுக்கு மேலதான் இந்த மாவைக் குடிக்கணுமாம். பாண்டி பவுடர் குடிச்சான், நான் பத்தியம் இருந்தேன்... எந்த ஊரு நியாயம் இது?"

அன்றைக்கு அம்மாவை முதலில் உட்கார வைத்து, அண்ணன்தான் கறி பரிமாறினான். அதன்பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. முட்டை, கடலை, கருப்பட்டி போட்ட பருத்திப்பால் என்று ஒரு மாதம் அவனை மூச்சுவிட விடவில்லை. கவனிப்பாரில்லாத மீதிப் பவுடர் டப்பாவுக்குள்ளேயே இறுகிக் கல்லாகிவிட்டது.

அண்ணன் தேறிவிட்டான். மார்பு சரியான அளவுக்கு வந்து நின்றது. அது கறியாலா, இறக்கின மூட்டையாலா, குடித்தவரைக்கும் குடித்த பவுடராலா என்று வீட்டில் வருடக்கணக்கில் பட்டிமன்றம் நடந்தது. தீர்ப்பு மட்டும் கடைசிவரை வரவில்லை.

இப்போது அண்ணன் ரிட்டையராகி மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறான். பேரன் ஜிம்முக்குப் போகிறான். வாளி மாதிரி ஒரு கறுப்பு டப்பா, இரண்டு வருடமாகப் பவுடர். டாக்டரிடமும் கேட்டாயிற்று. "கோளாறு இல்லாத உடம்புக்கு அளவோடு குடித்தால் சரி. வருடக்கணக்கில் குடிப்பதென்றால் அவ்வப்போது ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்" என்றாராம். பேரன் கடைசி வரியை மட்டும் காதில் வாங்கவில்லை. சோறு கிடையாது, எண்ணெய் கிடையாது, ராத்திரி வெறும் பவுடர். டயட் என்று பெயர்.

"நம்ம அம்மா வச்ச பத்தியத்த இவன் காசு குடுத்து வச்சுக்கிட்டான்" என்று போன வாரம் போனில் அண்ணன் சிரித்தான். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணன்தான் சொன்னான்.

"நேத்து மருமக ராத்திரி சாப்பிடாம இருந்துச்சு. ஏம்மான்னு கேட்டேன். 'அவன் பட்டினியாப் படுக்கான், எனக்கு மட்டும் எப்பிடி மாமா எறங்கும்'னு சொல்லுது. எத்தன நாளா இப்பிடின்னு தெரியல."

அருளப்பன் இருந்தால் டேப்பை வைத்ததுமே சொல்லியிருப்பார். இப்போது எல்லாரும் ரெடிமேட்தான் போடுகிறோம்... லூசானால் சின்ன சைஸ் வாங்கிக்கொள்கிறோம்.