பாதி மாத்திரை

எங்கள் வீட்டில் எல்லா நோய்க்கும் சனிக்கிழமைதான் வைத்தியம். மற்ற நாட்களில் யாரும் படுக்கக்கூடாது. கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு கேட் பாஸ் போடும் வேலை எனக்கு. காலை எட்டரைக்குப் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் எழ முடியும். திருவொற்றியூர் ஹைரோட்டில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வீட்டுக்கு வரும்போது, என்னிடம் யாராவது பேசினாலே எரிச்சலாக வரும். சனிக்கிழமை அரை நாள். கேஸ் புக் செய்வது, அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டுவது, பூனைக்கு ஊசி போடுவது எல்லாம் அந்த அரை நாளுக்குள் அடங்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், அப்பா, ஒரு மஞ்சள் பூனை. அப்பா ஹார்பரில் முப்பது வருஷத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். கீழே நிற்பவன் கையைத் தூக்கினால் தூக்குவார், இறக்கினால் இறக்குவார். பேச்சே தேவைப்படாத வேலை. அந்தப் பழக்கமோ, இல்லை அம்மா போனதிலிருந்தோ, வீட்டிலும் வாயைத் திறக்கமாட்டார். பூனையிடம் மட்டும் பேசுவார். அதற்கு வைத்த பெயர் மாமு. "இன்னா மாமு, துன்னியா? இன்னா மாமு, எங்க சுத்திட்டு வர்ற?" என்று நாள் முழுக்க ஓடும். நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் அமைதியாகிவிடுவார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை நான் செருப்பைக் கழற்றும்போதே அப்பா சொன்னார். "மாமுக்கு ஒடம்பு கொதிக்குதும்மா. சாப்பாட்ல வாயே வெக்கல."

"நான் இப்பதான் வந்துகீறேன். சனிக்கிழமை பாத்துக்கலாம், சும்மா நைநைன்னாத."

வியாழக்கிழமை மறுபடி சொன்னார். அதே பதிலைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. வெள்ளிக்கிழமை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் பூனை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மூஞ்சி உப்பி, கண் பாதி மறைந்திருந்தது. முன்கால்கள் வீங்கியிருந்தன. வாயைத் திறந்து மூச்சு விட்டது. பூனை வாயால் மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. அப்பா சுவரோரம் நின்றுகொண்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், மார்க்கெட் கூடையில் துண்டைப் போட்டுப் பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினேன்.

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, கூடைல மீனா?"

"பூனை."

"சீட்ட கலீஜ் பண்ணிடப் போவுதுக்கா."

"இது எழுந்து கலீஜ் பண்ணுச்சின்னா உனக்கு நான் கும்பிடு போடறேன், ஓட்டுப்பா."

போகிற வழியிலேயே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு அரிசி குடோன் இருக்கிறது. எலி மருந்து வைத்திருப்பார்கள், அதைத் தின்ற எலியை இது பிடித்துத் தின்றிருக்கும். வாட்ச்மேன் நம்பர் என்னிடம் இருந்தது. போன் போட்டுக் கத்தினேன். "யக்கா, நாங்க மருந்தே வெக்கலக்கா" என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் எதற்கு வேண்டுமானாலும் பழி போட குடோன் இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது, கரித்தூள் இருக்கிறது. முதலில் நம் வீட்டுக்குள் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தண்டையார்பேட்டையில் இருக்கும் மிருக கிளினிக்கில் டாக்டர் சின்னப் பெண். பூனையின் உதட்டை விரலால் தூக்கி ஈறைக் காட்டினார். ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டியது சேற்று நிறத்தில் இருந்தது. முதலில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்துவிட்டு, கொஞ்சம் ரத்தம் எடுத்து வெள்ளைப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டார். சிவக்கவே இல்லை. டிகாஷன் நிறத்தில் அப்படியே நின்றது.

"ரத்தத்தால ஆக்சிஜனைத் தூக்க முடியலக்கா. மனுஷங்க போடற காய்ச்சல் மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"நான் எதுக்கு டாக்டர் குடுக்கறேன்? குடோன்ல எலி மருந்து..."

"எலி மருந்துன்னா ஈறு வெளுத்துதான் போகும். இது வேற மாதிரி இருக்கு. மாத்திரைதான்னா அதுக்கு முறிவு மருந்து இருக்கு. எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சா அளவு சரியா போடலாம். நேரம் ரொம்ப இல்லக்கா. வீட்ல கேளுங்க."

அப்பாவுக்கு போன் போட்டேன். "பூனைக்கு இன்னா குடுத்த?"

"பால்தாம்மா வெச்சேன்."

"ஒழுங்கா சொல்லு. இன்னா குடுத்த?"

"ஒண்ணும் குட்க்கலம்மா."

"அப்புறம் இன்னா எழவுக்கு இப்டி கெடக்குது?"

டாக்டர் கையை நீட்டினார். "போன குடுங்கக்கா. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

படியில் போய் நின்றேன். ஐம்பது வயதை நெருங்கும் என்னை, ஸ்கூலில் வகுப்புக்கு வெளியே அனுப்பியது போல இருந்தது. உள்ளே டாக்டர் மெதுவாகப் பேசுவது கேட்டது. "சொல்லுங்கப்பா... பரவாயில்லப்பா, தெரியாமதான செஞ்சீங்க... எத்தனை மணிக்கு?" இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. என்னை உள்ளே கூப்பிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊசியை எடுக்கப் போனார்.

"காலைல எட்டரை மணிக்கு பாதி மாத்திரை. பால்ல கரைச்சிக் குடுத்திருக்கார். அந்த மாத்திரையை உடைச்சி வெளியேத்தற சக்தி பூனை உடம்புக்கு இல்லக்கா. நமக்கு மருந்து, அதுக்கு விஷம். முழுசா குடுத்திருந்தா நீங்க வீட்டுக்கு வரும்போதே போயிருக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லலையாம்?"

அவர் மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க கத்துவீங்கன்னு பயமாம்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எல்லோரும் சேர்ந்து என்னைக் கெட்டவளாக்குகிறார்கள் என்று. பிறகு மேஜை மேல் மாஸ்க்குக்குள் அது வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தேன். நான் கேட்ட விதத்தால் வீணாய்ப் போன நிமிஷங்கள் அதன் உயிருக்கானவை. வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பூனை பிழைத்துக்கொண்டது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து என்று மூன்று நாள் கிளினிக்கிலேயே வைத்திருந்தார்கள். கல்லீரல் அடி வாங்கியிருந்ததால் இன்று வரைக்கும் அதற்கு ஒரு டானிக், மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. தினமும் காலையில் உதட்டைத் தூக்கி ஈறு பார்க்கிறேன். அது தினமும் என்னைக் கீறுகிறது. குடோன் வாட்ச்மேனிடம் மன்னிப்பு கேட்க இரண்டு தடவை போய், கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், அது பிழைக்குமா என்று தெரியாமல், வெறும் கூடையோடுதான் வீட்டுக்கு வந்தேன். கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். பால் கிண்ணத்தைக் கழுவிவிடுங்கள், மீதி பாதி மாத்திரை எங்கேயாவது கிடந்தால் எடுத்துப் பூட்டி வையுங்கள்.

அப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தை ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். கூடையை எட்டிப் பார்த்தார்.

"மாமு?"

"கீது. மூச்சு வுட்டுகினு கீது. நாளிக்கிதான் சொல்லுவாங்களாம்."

தலையை ஆட்டினார். நான் அலமாரியில் தேடினேன். மாத்திரை அட்டையில் நிறைய குழிகள் காலியாக இருந்தன. உடைத்த பாதியைக் காணோம். டிவி மேல், தலையணை அடியில், ஜன்னல் கட்டையில், எங்கேயும் இல்லை.

"மீதி பாதி எங்கப்பா?"

அப்பா தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"யப்பா, உன்னத்தான். மீதி பாதி எங்க?"

"நான் போட்டுக்கினேன்."

"நீ எதுக்கு போட்டுக்கின?"

"லேசா ஜொரம்மா. மாத்திர போட்டா எனக்கு கேக்குது. அதான் அதுக்கும் கேக்கும்னு..."

"எப்பலேந்து ஜொரம்?"

"அதுக்கு வந்த அன்னிக்கேதான்." வேட்டி நுனியை இழுத்துச் சரி செய்துகொண்டார். "நீயும் அசந்து அசந்து வர்ற. சனிக்கிழம ஆவட்டும்னு இருந்தேன்."

பக்கத்தில் போய் அவர் கழுத்தில் கையை வைத்தேன். நெருப்பாகச் சுட்டது. மூன்று நாள் அந்த உடம்பைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன்.

சட்டையை எடுத்து வந்து, "எழுந்திருப்பா, டாக்டர்கிட்ட போலாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பா எழவில்லை. நான் எப்போது கத்தப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.